குறைந்த ஓட்டமா, வாரண்டியா? பழைய போர்ஷே 911 வாங்குவது குறித்து ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் வசிக்கும் நீங்கள் இரண்டு 911 கரேரா எஸ் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 2017 மாடல். 14,000 மைல்தான் ஓடியிருக்கிறது. தனியார் ஒருவர் விற்கிறார். வாரண்டி எதுவும் மீதமில்லை. மற்றது 2018 மாடல். 46,000 மைல் ஓடியது. போர்ஷே டீலரிடம் சிபிஓ வாரண்டியோடு, அதாவது சோதித்துச் சான்றளித்த பழைய காருக்கு நிறுவனம் தரும் வாரண்டியோடு, விற்பனைக்கு நிற்கிறது. இரண்டும் ஏழு கியர் மேனுவல். விலையில் 3,000 டாலர் வித்தியாசம்கூட இல்லை. ஆண்டுக்கு சுமார் 6,000 மைல் ஓட்டி, ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுகிறீர்கள். முதல் காரின் உரிமையாளர், அதிகம் ஓட்டாததால் அதிகம் சர்வீஸ் தேவைப்படவில்லை என்று கூறி, ஆயில் மாற்றியதற்கான மூன்று ரசீதுகளை அனுப்பியிருக்கிறார்.

இந்த விவரங்களை மட்டும் வைத்து முடிவு சொல்லச் சொன்னால், நான் இரண்டாவது காரைத்தான் எடுப்பேன். அதில் வாரண்டி இருக்கிறது என்பது இதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அந்த மூன்று ரசீதுகள். இந்த வகைக் காருக்கு போர்ஷே வகுத்திருக்கும் பராமரிப்பு அட்டவணைப்படி 10,000 மைலுக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலை எவ்வளவு ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்படியானால் எட்டு ஆண்டுக்கும் மேல் வயதான ஒரு காரிடம், அது 14,000 மைல் மட்டுமே ஓடியிருந்தாலும், ஏழெட்டு முறை ஆயில் மாற்றியதற்கான ஆதாரம் இருந்தாக வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால், அந்த எஞ்சின் ஏதோ சில ஆண்டுகள் பழைய ஆயிலோடு நின்றும், அவ்வப்போது ஓடியும் இருக்கிறது என்று பொருள். ‘ஓட்டவில்லை, அதனால் சர்வீஸ் செய்யவில்லை’ என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், இந்த எஞ்சின்களைப் பொறுத்தவரை அது தவறு.

ஏன் தவறு என்பதைச் சற்று விளக்க வேண்டும். எஞ்சின் ஒவ்வொரு முறை குளிர்ந்த நிலையிலிருந்து இயங்கத் தொடங்கும்போதும், எரியாத பெட்ரோலில் சிறிதளவும், எரிதலில் உண்டாகும் நீராவியில் சிறிதளவும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கின்றன. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடி ஆயில் முழுச் சூட்டுக்கு வந்தால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். கூலன்ட் சூடாவதைவிட ஆயில் சூடாவதற்கு அதிக நேரம் பிடிக்கும். 911-இல் ஆயில் வெப்பத்துக்குத் தனி அளவி வைத்திருப்பதால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பவும் கராஜில் நிறுத்தப்படும் காரில், அதுவும் வடகிழக்கு மாநிலங்களின் குளிரில், அந்த ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஆயில் நீர்த்துப்போகிறது, நாளடைவில் அமிலத்தன்மையும் கூடுகிறது. இதற்கிடையே ரப்பர் சீல்கள் காய்கின்றன, பேட்டரி சாகிறது, டயர் இறுகுகிறது. பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருக்கும் வீட்டைவிட வேகமாகப் பாழாவதைப் போன்றதுதான் இது. குறைவாக ஓடிய கார் என்பதற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், உண்மையில் தேய்மானம் குறைந்த காருக்காகக் கொடுக்கும் பணமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் எப்போதும் ஒன்றல்ல.

911-இன் சொந்த வரலாறே இதற்குச் சான்று. 1990-களின் இறுதியில் வந்த 996 தலைமுறையில்தான் இந்தக் கார் முதன்முறையாகக் காற்றுக் குளிர்விப்பை விட்டு நீர்க் குளிர்விப்புக்கு மாறியது. அந்த எஞ்சினில் இன்டர்மீடியட் ஷாஃப்டை, அதாவது எஞ்சினின் சுழற்சியை வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்குக் கடத்தும் இடைத் தண்டை, தாங்கும் ஒரு பேரிங் இருந்தது. அது உடைந்தால் கேம் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேர ஒழுங்கு, குலைந்து, வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினே போய்விடும். அமெரிக்காவில் இது கூட்டு வழக்காகி, 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக 2013-இல் சமரசத் தீர்வு எட்டப்பட்டது. இந்த எஞ்சின்களைத் தொடர்ந்து பிரித்துப் பார்த்த பல மெக்கானிக்குகளின் கருத்து, தொடர்ந்து ஓட்டி அடிக்கடி ஆயில் மாற்றிய கார்களைவிட, நிறுத்தியே வைத்திருந்த கார்களில்தான் அந்தப் பேரிங் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது. அதே குடும்ப எஞ்சின்களில் வரும் சிலிண்டர் சுவர்க் கீறலும் குளிர்ப் பிரதேசங்களில் குறுந்தூரம் ஓட்டப்பட்ட கார்களோடு அதிகம் தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்த ஷாஃப்டே இல்லை. நீங்கள் பார்க்கும் 2017, 2018 கார்களின் 3.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினும் அந்தப் புதிய வழியில் வந்ததுதான். ஆகவே இந்தக் குறிப்பிட்ட பயம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் 996 வாங்கும்போது ஓடோமீட்டரை மட்டும் நம்பியவர்கள் எதைத் தவறவிட்டார்களோ, அதையே நீங்களும் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்து, ஓடோமீட்டரைவிட அதிகம் சொல்லக்கூடிய ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் மேனுவல் 911 வாங்கும் பலர் இதைக் கேட்காமலேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் கணினி, அதாவது டிஎம்இ, எஞ்சின் அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டிச் சுழன்ற ஒவ்வொரு முறையும் அதைப் பதிவு செய்து வைக்கிறது. போர்ஷே டீலர்கள் பயன்படுத்தும் பிவிஸ் கருவியை இணைத்தால் ஆறு ரேஞ்ச்களாக, அதாவது குறைந்த வேகத்திலிருந்து மிக அதிக வேகம் வரை ஆறு அடுக்குகளாக, இந்தப் பதிவு திரையில் வரும். ஒவ்வொரு ரேஞ்சுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும்: அந்த வேகத்தில் எத்தனை முறை பற்றவைப்பு நடந்தது என்பது ஒன்று, கடைசியாக அது எஞ்சினின் எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பது மற்றொன்று. கூடவே எஞ்சின் இதுவரை இயங்கிய மொத்த மணி நேரமும் இருக்கும்.

கீழ் ரேஞ்ச்களில் எண் இருப்பது இயல்பு. ஆக்சிலரேட்டரை அழுத்தி, எஞ்சின் வேகத்துக்கு எல்லை போடும் ரெவ் லிமிட்டர் வரை போகும் எவருடைய காரிலும் அது இருக்கும். நான்கு, ஐந்து, ஆறாம் ரேஞ்ச்கள் வேறு வகை. ரெவ் லிமிட்டரால் பெட்ரோலை நிறுத்த முடியுமே தவிர, சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றுவதைத் தடுக்க முடியாது. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து, கை தவறி இரண்டாவதில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் அப்படித்தான் எல்லை கடந்து சுழலும். அப்போது வால்வு ஸ்பிரிங்குகளால் கேமைப் பின்தொடர முடியாமல் போகலாம். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட்டுகள் தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்குகின்றன. பிடிகே எனப்படும் போர்ஷேயின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் கணினியே அத்தகைய கியரை மறுத்துவிடும் என்பதால் இந்த ஆபத்து மேனுவல் காருக்கே உரியது.

அந்த எண்களைப் படிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு மூன்று பற்றவைப்புகள். நிமிடத்துக்கு 8,000 சுழற்சி என்றால் வினாடிக்கு 400 பற்றவைப்பு. ஆகவே ஐந்தாம் ரேஞ்சில் 40 என்று கண்டால், அது நாற்பது தடவை செய்த தவறு அல்ல. ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி நீடித்த ஒரே தவறாக இருக்கலாம். அது எப்போது நடந்தது என்பதே முக்கியம். 700 மணி நேரம் ஓடிய எஞ்சினில் 95-ஆவது மணி நேரத்தில் நடந்திருந்தால், அதன் பிறகு 600 மணி நேரம் எஞ்சின் குறையில்லாமல் ஓடிக் காட்டியிருக்கிறது. 690-ஆவது மணி நேரத்தில் நடந்திருந்தால், விற்பவர் எதற்காக இப்போது விற்கிறார் என்ற கேள்வி தானாக எழும். நானாக இருந்தால் விலகிவிடுவேன்.

அந்த மொத்த மணி நேரத்தாலேயே இன்னொரு பெரிய பயன் உண்டு. ஓடிய மைலை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 14,000 மைல் ஓடிய கார் 700 மணி நேரம் இயங்கியிருந்தால் சராசரி வேகம் 20 மைல். நகர நெரிசலிலும் குறுந்தூரத்திலும் கழிந்த வாழ்க்கை அது. 46,000 மைல் ஓடிய கார் 1,150 மணி நேரம் இயங்கியிருந்தால் சராசரி 40 மைல், பெரும்பாலும் நெடுஞ்சாலை. மைலில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தும், எஞ்சின் உழைத்த நேரத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. சராசரி நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் ஓடோமீட்டரையே சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள அளவித் தொகுப்பில் எண்ணைக் குறைத்துக் காட்டும் மோசடி டிஜிட்டல் ஓடோமீட்டர் வந்த பிறகும் ஒழியவில்லை. அதனால்தான் 2011 மாடலும் அதற்குப் பின் வந்தவையும் கைமாறும்போது, ஓடிய தூரத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டிய காலத்தை அமெரிக்க மத்திய அரசு 20 ஆண்டுகளாக நீட்டியது.

இனி வாரண்டிக்கு வருவோம். போர்ஷே அமெரிக்காவில் புதிய காருக்குத் தருவது 4 ஆண்டு அல்லது 50,000 மைல். உங்கள் இரண்டு கார்களுக்கும் அது முடிந்து பல காலமாகிறது. சிபிஓ என்பது, 13 ஆண்டுக்கும் 124,000 மைலுக்கும் உட்பட்ட காரை டீலர் 111 அம்சங்களில் சோதித்து, தேவையானதைச் சரிசெய்து, மைல் வரம்பில்லாத 2 ஆண்டு வாரண்டியோடு விற்பது. இதன் மதிப்பு பழுதுச் செலவைத் திருப்பித் தருவதில் மட்டும் இல்லை. மேல் ரேஞ்ச்களில் மோசமான பதிவுள்ள எஞ்சினுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ள நிறுவனம் விரும்பாது. ஆகவே சிபிஓ கிடைத்திருக்கிறது என்பதே, நீங்கள் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய சோதனையில் ஒரு பகுதியைச் சொந்தப் பணத்தை வைத்து வேறொருவர் செய்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

ஆனாலும் அது எதை ஏற்காது என்பதையும் பார்க்க வேண்டும். கிளட்ச், பிரேக் பேட், டிஸ்க், டயர் ஆகியவை தேயும் பொருட்கள். அவை வாரண்டிக்குள் வராது. 46,000 மைல் ஓடிய மேனுவல் காரில் முதலில் செலவு வைக்கக்கூடியது கிளட்ச்தான் என்பதால், இது உங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. கிளட்ச் மாற்றப்பட்டிருக்கிறதா, பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது, உயர் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வழுக்குகிறதா என்று ஓட்டிப் பார்க்கும்போதே கவனியுங்கள். தேய்ந்திருந்தால் அதை விலையில் பேசுங்கள். இன்னொன்று, நீங்கள் ஐந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள், வாரண்டி இரண்டு ஆண்டுதான். மீதி மூன்று ஆண்டுகளுக்கு இரண்டு கார்களும் ஒரே நிலையில்தான் இருக்கும். எந்தக் காரை எடுத்தாலும் பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைக்காமல் இந்த வகுப்புக் காருக்குள் இறங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். டர்போ, டர்போவைக் குளிர்விக்கும் குழாய்கள், பம்பருக்குள் இலை அடைத்து அரித்துப்போகும் முன் ரேடியேட்டர்கள் எல்லாமே 911 விலைக்குத்தான் மாறும். கார் பழசாகிவிட்டது என்பதற்காக உதிரிபாகம் மலிவாவதில்லை.

ஒரு வாரண்டி எவ்வளவு மதிப்புள்ளது என்பது, அந்த மாடலில் எது உடையும் என்பதைப் பொறுத்தது. இதற்கு, உங்கள் இரண்டு கார்களும் சேர்ந்த 991 தலைமுறையில் வந்த முதல் ஜிடி3, அதாவது 911-இன் பந்தயப் பாணி வகை, சிறந்த உதாரணம். 2014-இல் சில கார்கள் தீப்பிடித்ததும், கனெக்டிங் ராட் போல்ட் தளர்வதே காரணம் என்று கண்டறிந்து, அதுவரை தயாரான 785 கார்களுக்கும் போர்ஷே எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. பிறகு 9,000 சுழற்சி வரை போகும் அதே எஞ்சினில் வால்வை இயக்கும் பாகங்கள் முன்கூட்டியே தேய்வது தெரியவந்தபோது, எஞ்சின் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 120,000 மைல் வரை நீட்டியது. உரிமையாளர் மாறினாலும் அது காரோடு போகும். அந்த மாடலில், வாரண்டி நடப்பிலிருந்த காலத்தில், 8,000 மைல் ஓடிய காருக்கும் 30,000 மைல் ஓடிய காருக்கும் எஞ்சின் அபாயத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. 30,000 மைலில் எஞ்சின் ஏற்கெனவே மாற்றப்பட்ட காரே மேல் என்றுகூடச் சொல்லலாம். இன்று அந்தப் பத்தாண்டுக் காலம் ஒவ்வொரு காருக்கும் முடிந்துகொண்டு வருகிறது. ஆகவே அங்கே ஓடோமீட்டரைவிட முதல் விற்பனைத் தேதிதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

முதல் காரையே வாங்கி, வெளியார் விற்கும் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமே என்று யோசிப்பீர்கள். சட்டப்படி அது வாரண்டி அல்ல, சேவை ஒப்பந்தம். விளம்பரத்தைப் படிக்காமல் ஒப்பந்தத்தையே படியுங்கள். விலக்கப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் அடங்கும் என்று இருக்கிறதா, அல்லது பட்டியலில் உள்ளவை மட்டுமே அடங்கும் என்று இருக்கிறதா. மணிக்கூலிக்கு உச்சவரம்பு உண்டா. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவு யாருடையது. பழைய உதிரிபாகம் போட அவர்களுக்கு உரிமை இருக்கிறதா. வாங்குவதற்கு முன்பே இருந்த குறை என்று எதைச் சொல்லி மறுக்கலாம் என்பவையே அங்கே விஷயம். மூன்று ரசீது மட்டுமே உள்ள காருக்கு, பராமரிப்பு ஆதாரம் போதவில்லை என்ற ஒரே வரியில் கோரிக்கையை மறுத்துவிட முடியும். பிரிட்டனில் நிலைமை வேறு: அங்கே தனியாரிடம் வாங்கிய காரையும் போர்ஷே மையத்தில் 111 அம்சச் சோதனைக்கு உட்படுத்தி, நிறுவனத்தின் வாரண்டியையே வாங்கலாம். அமெரிக்காவில் சிபிஓ டீலர் விற்பனையோடு மட்டுமே வருவதால், தனியாரிடம் வாங்குபவருக்கு அந்த வழி இல்லை.

மாற்றியமைப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1975-ஆம் ஆண்டின் மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, வெளிச் சந்தைப் பாகம் ஒன்று பொருத்தியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகமே பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். ஆனால் டர்போ எஞ்சினில் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருந்தால், டர்போ பழுதுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டுவது எளிது. தனியார் காரில் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டு விற்பதும் நடக்கும் என்பதால், டியூனிங் செய்யப்பட்டதா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முதல் காருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. ஐந்து ஆண்டு கழித்து அது 44,000 மைலில் நிற்கும். இரண்டாவது கார் 76,000-இல் நிற்கும். விற்கும்போது முதல் காருக்கு நிச்சயம் அதிக விலை கிடைக்கும். ஆனால் ‘14,000 மைல் கார்’ என்பதற்கான தனி மவுசு நீங்கள் ஓட்ட ஓட்டக் கரைந்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் நீங்களும் ஓட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஆண்டுக்கு 6,000 மைல் ஓட்ட விரும்புபவர் அதற்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

ஆகவே என் முடிவு மாற வேண்டுமானால் மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். விடுபட்ட ஆண்டுகளின் சர்வீஸ் பதிவு டீலர் கணினியிலிருந்து கிடைக்க வேண்டும். சில நேரம் உரிமையாளர் ரசீதைத் தொலைத்திருப்பார், பதிவு இருக்கும். விற்பவரோடு தொடர்பில்லாத போர்ஷே மெக்கானிக் ஒருவர் காரை லிஃப்டில் ஏற்றி, டிஎம்இ பதிவைப் படித்து, சிலிண்டர்களில் காற்றழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை செய்து நல்ல அறிக்கை தர வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் அவர் பார்க்கட்டும்: 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம், டயரின் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் இந்தக் காரை வேகமாக ஓட்டக் கூடாது. கடைசியாக, புதிய டயர், எல்லா ஆயில்கள், பேட்டரி ஆகியவற்றின் செலவும், வாரண்டி இல்லாததற்கான தொகையும் விலையில் குறைய வேண்டும். இவை நடந்தால் முதல் காரைத் தயங்காமல் எடுக்கலாம். டிஎம்இ பதிவைப் படிக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரை எடுப்பதானால், கையெழுத்திடும் முன் டீலரிடம் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: நிரப்பப்பட்ட 111 அம்சச் சோதனைத் தாள், டிஎம்இ பதிவின் அச்சுப்படி, வாரண்டி தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் காரின் தனி அடையாள எண்ணான வின் எண்ணோடு குறிக்கப்பட்ட சான்று. வாய்மொழியாகச் சொல்லும் ‘சிபிஓ இருக்கிறது’ என்பதை ஏற்காதீர்கள். காசோலை தருவதற்கு முன் அந்த வின் எண்ணை இன்னொரு போர்ஷே டீலரிடம் கொடுத்து, சான்று உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று தொலைபேசியிலேயே சரிபார்த்துவிடுங்கள்.